குறைந்த காசில் முதல் ஆர்.சி. டிரிஃப்ட் கார்: வடசென்னையில் ஆரம்பிப்பவர்களுக்கு

நிஜக் காரில் டிரிஃப்ட், அதாவது பின்சக்கரத்தை வழுக்கவிட்டுக் காரைப் பக்கவாட்டில் சறுக்க வைத்து வளைவது, பழகப் பின்சக்கரம் இழுக்கும் வண்டி வேண்டும், பயிற்சிக்குப் பயிற்சி தேய்ந்து தள்ளும் டயர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக இடம் வேண்டும். சோழவரம் ரன்வேயில் ரேஸ் நடந்த வரைக்கும் வடசென்னைக்கு டிராக் பக்கத்தில் இருந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் திறந்த பிறகு அது ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பொதுச் சாலையில் செய்தால் கேஸ்தான், அதற்கு முன்னால் உயிர் போகாமல் இருந்தால்.

நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் 1:10 அளவு ரிமோட் கார் (ஆர்.சி.) என்றால் ஒரு ஹாலோ மொட்டை மாடியோ போதும். கவுண்டர் ஸ்டீயர் (கார் சுழலும் பக்கத்துக்கு எதிராக முன்சக்கரத்தைத் திருப்புவது), எடை மாறுவது, ஆக்சிலேட்டரால் வாலைப் பிடித்து வைப்பது என்று எல்லாமே இதிலும் உண்டு. செலவைக் கையடக்கமாக வைத்துக்கொண்டு ஒழுங்காக டிரிஃப்ட் ஆகும் வண்டியை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இங்கே. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். புதிதாக வருபவர்கள் பவர் வேண்டும் என்று மோட்டாரில் காசைக் கொட்டுகிறார்கள். டிரிஃப்ட் காரில் காசு போக வேண்டிய இடம் முன்சக்கரம்: அதைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோ, கார் சுழல்வதை உணரும் ஜைரோ, ஸ்டீயரிங் திரும்பும் கோணம். வழுக்கும் தரையில் பழைய 540 பிரஷ் மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றிவிடும்.

எந்த வண்டியை எடுப்பது

பின்வீல் டிரைவ் டிரிஃப்டுக்கென்றே வரும் கிட்கள் உண்டு. 3ரேசிங் சகுரா டி5, எம்.எஸ்.டி. ஆர்.எம்.எக்ஸ்., யோகோமோ ஒய்.டி.-2 ஆகிய மூன்றும் நல்ல பெயர் எடுத்தவை. புதிதாக இறக்குமதி செய்தால் வரி கழுத்தைப் பிடிக்கும். பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. சிறிய அளவு மாடல் வண்டிகளும் அதே தலைப்பில்தான் வருகின்றன. அதனால் உள்நாட்டிலேயே கைமாறும் செகண்ட் ஹேண்ட் சேஸிஸ் கிடைத்தால் அதுதான் லாபம். வாங்கும்போது எலக்ட்ரானிக்ஸ் இல்லாத சேஸிஸ் மட்டும் கேளுங்கள். பழைய பேட்டரியையும் சர்வோவையும் சேர்த்துத் தள்ளிவிடத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

அது கிடைக்கவில்லை என்றால் பட்ஜெட் வழி வேறு: பழைய நாலுவீல் டிரைவ் ரோடு கார் ஒன்றை வாங்கி, முன்பக்க டிரைவைக் கழற்றிப் பின்வீல் ஆக்குவது. எச்.எஸ்.பி. 94123 ஃபிளையிங் ஃபிஷ் நம் ஊரில் நிறையப் புழங்குகிறது. டமியா டிடி-02 அடுத்தது. இரண்டுமே ஷாஃப்ட் டிரைவ் என்பதால் முன்பக்கத்தைத் துண்டிப்பது சுலபம். பெல்ட் வண்டியை இதற்குத் தேடாதீர்கள், வேலை கூடும்.

வீட்டில் இருப்பது பத்துக்குப் பத்து அறை மட்டும்தான் என்றால் 1:10 வேண்டாம். டபிள்யூ.எல். டாய்ஸ் கே969 போன்ற 1:28 வண்டி போதும். பெட்டியிலிருந்து எடுத்ததுமே வழுக்கு டயரோடு வரும். ஆனால் அதில் செட்டப் செய்து கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.

செலவைப் பிரிப்பதற்கு ஒரு கணக்கு. கையில் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 40 சேஸிஸ், மோட்டார், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. ஆகியவற்றுக்கு, 25 சர்வோவுக்கும் ஜைரோவுக்கும், 20 பேட்டரிக்கும் செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜருக்கும், 10 ரிமோட்டுக்கு. மீதி 5-ல் டயர், பேரிங், ஸ்க்ரூ. பாடிக்கு ஒரு பைசாவும் ஒதுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் ஒரு மாதம் அது சுவரில் மோதி உடையத்தான் போகிறது. முன்னால் ஒரு ஃபோம் பம்பர் இருந்தால் போதும்.

முன்பக்க டிரைவைக் கழற்றுதல்

கழற்றுவதற்கு முன் ஒரு வாரம் நாலுவீலிலேயே வழுக்கு டயரைப் போட்டு ஓட்டுங்கள். ஜைரோ இல்லாமலேயே ஓடும், ரிமோட் கைக்குப் பழகும். அதற்குப் பிறகு வேலையை ஆரம்பிக்கலாம்.

முன் டிஃபரன்ஷியலிலிருந்து (இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) சக்கரத்துக்குப் போகும் இரண்டு டாக்போன் கம்பியையும் எடுத்துவிடுங்கள். நடுவிலிருந்து முன்னே போகும் ஷாஃப்டை எடுங்கள். டிடி-02 என்றால் நீளமான ஒற்றை ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். முன் டிஃபரன்ஷியலையும் உருவிவிடலாம், ஆனால் கியர்பாக்ஸ் கூடு அப்படியே இருக்க வேண்டும். ஷாக் டவரும் கைகளும் அதில்தான் மாட்டியிருக்கின்றன. சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலைக் கழற்றிவிடாதீர்கள். டாக்போன் இல்லையே, இது எதற்கு என்று அதையும் எடுத்தால் சக்கரம் மாட்ட இடமே இருக்காது. அதன் உள்முனைக் கிண்ணம் திருப்பும்போது, கீழ்க்கை நுனியில் இருக்கும் சி வடிவத் துண்டான சி-ஹப்பில் இடித்தால் விளிம்பை மட்டும் அரைத்துக் குறைக்கலாம். உள் பேரிங்கைத் தடுத்து நிறுத்தும் தோள் மிச்சம் இருக்க வேண்டும்.

அடுத்தது பின் டிஃபரன்ஷியலை லாக் செய்வது. லாக் செய்யாவிட்டால் வளைவில் எடை குறைந்த சக்கரம் மட்டும் சும்மா சுற்றும், மற்றது தூங்கும். வால் எப்போது வெளியே போகும், எப்போது போகாது என்று கணிக்கவே முடியாது. டிஃபைப் பிரித்து, உள்ளே இருக்கும் கிரீஸை வெந்நீர், பாத்திரம் விளக்கும் லிக்விட், பழைய டூத் பிரஷ் வைத்து முழுசாகக் கழுவுங்கள். கொஞ்சம் கிரீஸ் ஒட்டியிருந்தாலும் எதுவும் பிடிக்காது. நன்றாகக் காய்ந்த பிறகு எம்-சீலை இரண்டு உருண்டையும் சேர்த்துப் பிசைந்து, சின்ன கியர்களின் இடுக்கில் அழுத்தித் திணியுங்கள். மூடி ஸ்க்ரூ போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். பிறகு ஒரு சக்கரத்தைத் திருப்பினால் எதிர்ச் சக்கரமும் அதே பக்கம் சுற்ற வேண்டும். பின்னால் இந்த டிஃபையே திரும்பப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் எம்-சீலுக்குப் பதில் ஹாட் க்ளூ போடுங்கள், பிய்த்தெடுக்கலாம். ஆனால் வெயிலில் அது இளகும், மொட்டை மாடி வண்டிக்கு ஆகாது.

ஸ்டீயரிங் கோணம்

ஃபேக்டரியிலிருந்து வரும் ரோடு காரில் சக்கரம் 30 டிகிரிக்கு மேல் திரும்பினாலே அதிசயம். பின்வீல் டிரிஃப்டுக்குக் குறைந்தது 45 வேண்டும். டிரிஃப்ட் கிட்களில் 60-ஐத் தாண்டியும் போகும், அவ்வளவு உடனடியாக வேண்டியதில்லை. கோணத்தை அளக்க ஸ்கூல் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானி போதும்: வெள்ளைத் தாளில் காரை வைத்து, சக்கரத்தின் ஓரமாக நேராக இருக்கும்போது ஒரு கோடும், முழுதாகத் திருப்பி ஒரு கோடும் போட்டு அளந்துவிடலாம்.

கோணத்தைத் தடுப்பது எது என்று கண்டுபிடிக்க சர்வோவிலிருந்து ஸ்டீயரிங்குக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். முதலில் இடிப்பது பெரும்பாலும் சக்கரத்தோடு திரும்பும் துண்டான நக்கிளுக்கும் சி-ஹப்புக்கும் நடுவில் உள்ள பிளாஸ்டிக் தடுப்பு. அதைச் சின்ன அரத்தால் ஒரு நேரத்தில் அரை மி.மீ. அளவுக்கு ராவி ராவிப் பாருங்கள். கட்டர் வைத்து வெட்டினால் நக்கிள் சுழலும் அச்சான கிங்பின் ஸ்க்ரூ ஏறும் சுவரே போய்விடும். அடுத்து ரிம்மின் உள்விளிம்பு கீழ்க்கையில் இடிக்கும். சக்கரம் உட்காரும் ஆறு பக்கத் துண்டான ஹெக்ஸுக்குப் பின்னால் 2 அல்லது 3 மி.மீ. ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளினால் சரியாகிவிடும். ஸ்பேசர் போட்ட பிறகு நட்டின் நைலான் பகுதி வரை மரை வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ஓட்டத்தில் சக்கரம் கழன்று ஓடும். மூன்றாவது தடை சர்வோவின் அச்சில் மாட்டும் சின்னக் கையான சர்வோ ஹார்ன். நீளமான ஹார்ன் போட்டால் கோணம் கூடும், ஆனால் சர்வோவின் பலம் குறையும், ஆட்டம் கூடும். ஒரு ஓட்டை மட்டும் தள்ளி மாட்டிப் பாருங்கள்.

அதிகம் ராவிவிட்டால் வேறு வம்பு. குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினால் நக்கிளைத் தள்ளி இழுக்கும் கம்பியான டை ராடும் நக்கிள் கையும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடும். அதற்கும் அப்பால் போனால் சக்கரம் அங்கேயே மாட்டிக்கொண்டு திரும்பாது, சர்வோ முனகிக்கொண்டே சூடாகும். அந்த இடத்துக்கு 3 டிகிரி முன்னாலேயே நிற்கும்படி ரிமோட்டில் எண்ட் பாயிண்டை (எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லை) குறைத்து வையுங்கள்.

முழுத் திருப்பத்தில் இரண்டு முன்சக்கரமும் கிட்டத்தட்ட இணையாக இருக்கட்டும். ரோடு கார்களில் உள்பக்கச் சக்கரம் அதிகம் திரும்பும்படி வைத்திருப்பார்கள். டிரிஃப்டில் அந்தச் சக்கரம் தரையில் இழுபட்டு வேகத்தைத் தின்றுவிடும். ஸ்டீயரிங் நடுத்தட்டில் டை ராட் மாட்டும் ஓட்டைகள் இரண்டு மூன்று இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள்.

பைப் டயர்

காசு மிச்சமாகும் இடம் இதுதான். ஹார்டுவேர் கடையில் போர்வெல், பிளம்பிங் வேலைக்கு விற்கும் வெள்ளை யு.பி.வி.சி. பைப்பில் 2 அங்குலம், ஷெட்யூல் 40 என்று கேளுங்கள். அதன் வெளிவிட்டம் 60.3 மி.மீ., உள்விட்டம் ஏறக்குறைய 52.5. 1:10 ரோடு கார் ரிம்மின் விளிம்பும் 52 மி.மீ. ஒட்டித்தான் வரும். தண்ணீர் லைனுக்கு வரும் 63 மி.மீ. சாம்பல் நிறப் பைப்பை வாங்கிவிடாதீர்கள். சுவர் மெல்லியது, ரிம்மில் லொடலொடவென்று ஆடும். எது வாங்கினாலும் ரிம்மைக் கையோடு எடுத்துப்போய்க் கடையிலேயே நுழைத்துப் பாருங்கள். ஒரு அடி பைப்பில் இரண்டு செட், அதாவது எட்டு டயரும், மேலே இரண்டு மூன்றும் வரும். துண்டுப் பைப் இருந்தால் கடைக்காரரே கொடுத்துவிடுவார்.

வெட்டுவது 25 மி.மீ. அகலத்துக்கு. ஹேக்சா பிளேடு கோணலாக ஓடும் என்பதால், பைப்பைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளாம்ப் மாட்டி, அதன் ஓரத்தையே வழிகாட்டியாக வைத்து, பைப்பைச் சுற்றிச் சுற்றி அறுங்கள். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் லேத் பட்டறை தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. நாலு துண்டையும் ஒரே அகலத்தில் வெட்டி, முகத்தைச் சமன் செய்து வாங்கிவிடலாம். நாலு டயரும் ஒரே பைப்பிலிருந்து வர வேண்டும். முன்னால் ஒரு பொருள், பின்னால் வேறு பொருள் என்றால் அலைன்மென்டில் எதைத் திருத்தினாலும் விளங்காது.

வெளி ஓரங்களை 120-ம் நம்பர் உப்புத்தாளில் உருட்டி, சுமார் ஒன்றரை மி.மீ. வளைவு வரும்படி மழுக்குங்கள். இந்த வேலையைச் சோம்பல்பட்டு விடுபவர்கள் அதிகம். கூர் ஓரம் டைல்ஸ் இணைப்பில் தட்டி, பக்கவாட்டில் சறுக்கும் கார் அப்படியே குட்டிக்கரணம் அடிக்கும்.

மாட்டுவதற்குப் பைப் வளையத்தைக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, துணியால் பிடித்து எடுத்து, ரிம்மில் அழுத்தி இறக்கிக் குளிர்ந்த நீரில் விடுங்கள். இறுகிக்கொள்ளும். அப்போதும் தளர்வாக இருந்தால் ரிம்மில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி மீண்டும் இறக்குங்கள். கேஸ் அடுப்பு நெருப்பில் நேராகக் காட்டக் கூடாது, பி.வி.சி. கருகினால் வரும் புகை அமிலப் புகை. அறுக்கும் தூளும் மூக்குக்கு ஆகாது, கர்ச்சீப் கட்டிக்கொள்ளுங்கள்.

இந்த டயர் டைல்ஸில் லேசான வெள்ளைக் கோடு விடும். ஈரத்துணி வைத்துத் துடைத்தால் போய்விடும். வீட்டில் பார்க்கும் முன்பே துடைத்துவிடுவது நல்லது.

சர்வோவும் ஜைரோவும்

பின்வீல் காரில் வால் வெளியே போகும் வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்காது. கார் சுழல ஆரம்பித்ததும் அதை உணர்ந்து முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்புவது ஜைரோவின் வேலை. ஜைரோ சொல்வதை உடனே செய்ய வேண்டியது சர்வோ. சர்வோ மெதுவாக இருந்தால் ஜைரோவின் கட்டளை தாமதமாக நிறைவேறும். அதற்குள் கார் நிமிர்ந்திருக்கும். ஜைரோ மறுபக்கம் திருப்பச் சொல்லும். விளைவு, நேராகப் போகும்போதே முன்சக்கரம் படபடவென்று ஆடும்.

ரோபோட்டிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் எங்கும் கிடைப்பது எம்.ஜி.996ஆர். விலை மலிவு, மெட்டல் கியர், பலமும் உண்டு. ஆனால் 60 டிகிரி திரும்ப 4.8 வோல்ட்டில் 0.17 விநாடி எடுக்கும், கியரில் ஆட்டமும் இருக்கும். அதே போல 20 கிலோ டார்க் என்று பெரிதாக எழுதி வரும் சர்வோக்களில் பலவும் நிதானமானவை. வழுக்கும் பைப் டயரைத் திருப்ப 20 கிலோ பலம் எதற்கு? 6 வோல்ட்டில் 0.10 விநாடி அல்லது அதற்குக் குறைவு, 8 கிலோவுக்கு மேல் டார்க், டிஜிட்டல், மெட்டல் கியர்: கடையில் இந்த நாலைக் கேளுங்கள். வேகத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜைரோவைத் தனியாக வாங்கலாம், அல்லது ஜைரோ உள்ளேயே இருக்கும் ரிசீவரோடு வரும் ரிமோட் வாங்கலாம். ஃபிளைஸ்கை ஜி.டி.5 அப்படிப்பட்டது, டம்போ ஆர்.சி. எக்ஸ்6-இலும் ஜைரோ ரிசீவர் தனியாக உண்டு. முதல் வண்டிக்கு இதுவே சிக்கனம். தனி ஜைரோ என்றால் ரிசீவரின் முதல் சேனலிலிருந்து ஜைரோவுக்கும், ஜைரோவிலிருந்து சர்வோவுக்கும் வயர் போகும். ஹெலிகாப்டர் வால் ஜைரோ சல்லிசாகக் கிடைத்தால் அதுவும் வேலை செய்யும், ஒரே திசையைப் பிடித்து வைக்கும் ஹெடிங் ஹோல்டை அணைத்துச் சாதாரண மோடில் வைக்க வேண்டும். அனலாக் சர்வோ மாட்டியிருந்தால் ஜைரோவில் டிஜிட்டல் வேகத்தைத் தேர்வு செய்யாதீர்கள், சர்வோ சூடேறி எரிந்துவிடும்.

செட்டப் வரிசை மாறக் கூடாது. ரிமோட்டில் நடுநிலையைத் திருத்தும் டிரிம், சப் டிரிம் எல்லாம் பூஜ்யம். கரண்ட் கொடுத்து சர்வோ நடுவுக்கு வந்த பிறகு, ஹார்னை 90 டிகிரியில் மாட்டுங்கள். பல் ஒத்துவராவிட்டால் மிச்சத்தைச் சப் டிரிம்மில் சரிசெய்யலாம். டை ராட் நீளத்தை மாற்றிச் சக்கரத்தை நேராக்குங்கள். அடுத்து எண்ட் பாயிண்ட். இவ்வளவும் முடிந்த பிறகே ஜைரோ.

ஜைரோவை இரட்டைப் பக்க ஃபோம் டேப்பில், சேஸிஸின் தட்டையான இடத்தில், மோட்டாரிலிருந்து தள்ளி ஒட்டுங்கள். காரைக் கையில் தூக்கிப் பிடித்து மூக்கை வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பினால், முன்சக்கரம் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அதாவது கார் திரும்பினாலும் சக்கரம் பழைய திசையையே பார்க்க வேண்டும். மாறாக இருந்தால் ஜைரோவின் ரிவர்ஸ் சுவிட்சைப் போடுங்கள். ரிமோட்டில் ஸ்டீயரிங் ரிவர்ஸ் என்பது வேறு, ஜைரோ ரிவர்ஸ் என்பது வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டுவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் பம்பரமாகச் சுற்றுகிறது என்று தலையைப் பிடித்துக்கொள்பவர்கள் நிறைய. ஜைரோ எவ்வளவு அழுத்தமாகத் திருத்த வேண்டும் என்பதைச் சொல்லும் கெயினை 50 சதவீதத்தில் ஆரம்பித்து, நேராக ஓடும்போது சக்கரம் நடுங்கும் வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்குங்கள்.

மோட்டாருக்கு ஹாபிவிங் குயிக்ரன் 1060 மாதிரி ஒரு பிரஷ் ஈ.எஸ்.சி. போதும். அதில் இரண்டு சின்ன ஜம்பர் இருக்கும். பேட்டரி வகை ஜம்பர் லைப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரி) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் செல்லை வறட்டி எடுத்துவிடும். பிரஷ்லெஸ் போகிறீர்கள் என்றால் சென்சார் உள்ள 13.5 டர்ன் (உள்ளே கம்பி சுற்றிய எண்ணிக்கை) மோட்டார் எடுங்கள். சென்சார் இல்லாதது மெதுவான வேகத்தில் திக்கித் திக்கி இழுக்கும், டிரிஃப்டில் பாதி நேரம் அந்த வேகத்தில்தான் இருப்பீர்கள்.

இன்னொரு பிரச்சினை பலரைக் குழப்பும். திடீரென்று காருக்கு ஒரு நொடி சுயநினைவு போய்த் திரும்ப வரும். ரிமோட் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். வேகமான சர்வோ வெடுக்கென்று திரும்பும்போது இழுக்கும் கரண்டை மலிவு ஈ.எஸ்.சி.யின் உள் சப்ளை தாங்காமல் வோல்டேஜ் விழுந்து ரிசீவர் ரீஸ்டார்ட் ஆகிறது. ரிசீவரின் காலி சேனலில் 10 வோல்ட், 3300 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை பிளஸ், மைனஸ் பார்த்துச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் சர்வோவுக்கு யு.பி.இ.சி. என்ற தனி 6 வோல்ட் சப்ளை கொடுங்கள்.

எடை

பின்சக்கரத்தின் மேல் எடை இல்லாவிட்டால் கார் முன்னே தள்ளாமல் நின்ற இடத்திலேயே சுழலும். முன்னால் குறைந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் நேராக வழுக்கிக்கொண்டு போகும். மாற்றிய நாலுவீல் வண்டிக்குப் பின்பக்கம் 55 முதல் 60 சதவீதம் என்று குறி வையுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் பின்சக்கரம் இரண்டையும் ஏற்றி, முன்சக்கரத்தை அதே உயரத்தில் புத்தகம் அடுக்கி வைத்து எடை பாருங்கள். பிறகு மாற்றி வையுங்கள். மொத்தம் 1500 கிராம் என்றால் பின்னால் 850, முன்னால் 650 வந்தால் நல்ல தொடக்கம். முதலில் பேட்டரியை நகர்த்திப் பாருங்கள். போதாவிட்டால் வீல் பேலன்சிங் கடைகளில் 5, 10 கிராம் துண்டுகளாக வரும் ஒட்டும் எடைப் பட்டையை வாங்கிப் பின் ஷாக் டவருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இடது, வலது பக்க எடையும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அழகாக டிரிஃப்ட் ஆகி மறுபக்கம் சொதப்புகிற வண்டியில் பாதிக்குப் பாதி இதுதான் காரணம்.

அலைன்மென்ட்

தொடக்கத்துக்கு இந்த எண்கள்: முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வது) மைனஸ் 6 டிகிரி, பின் மைனஸ் 2, காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னே சாய்வது) 8, முன்னால் டோ அவுட் (சக்கரத்தின் முன்பகுதி வெளியே பார்ப்பது) 1, பின்னால் டோ இன் (உள்ளே பார்ப்பது) 1 முதல் 2. தரைக்கும் சேஸிஸுக்கும் இடைவெளி டைல்ஸில் 5 மி.மீ., மொட்டை மாடியில் 8 முதல் 10. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். காஸ்டர் கூடினால் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் வேகம் கூடும். முன் ஸ்பிரிங்கும் பின் ஸ்பிரிங்கும் இருப்பதிலேயே மென்மையானவை போதும். ஷாக்கில் சிலிகான் ஆயில் மட்டுமே. பைக்குக்குப் போடும் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ஓ-ரிங் உப்பி ஷாக் இறுகிவிடும்.

மோட்டார் அச்சில் இருக்கும் சின்ன கியரான பினியனை மாற்றப் போனால் பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 48 பிட்ச், 64 பிட்ச், 0.6 மாட்யூல் என்ற பல் அளவுகள் எல்லாம் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், கலந்தால் அதோடு சேரும் பெரிய கியரான ஸ்பரின் பல் மாவாகிவிடும். இரண்டு கியருக்கும் நடுவே நோட்டுத் தாள் ஒன்றை விட்டு அழுத்திப் பிடித்து மோட்டார் ஸ்க்ரூவை முறுக்கி, தாளை உருவினால் சரியான இடைவெளி. பத்து நிமிடம் ஓட்டி மோட்டாரைத் தொடுங்கள். ஐந்து விநாடி விரலை வைக்க முடியவில்லை என்றால் ஒரு பல் சின்ன பினியன்.

பேட்டரி

2எஸ் (இரண்டு செல்) லைப்போ, ஹார்டு கேஸ், 3500 முதல் 4500 எம்.ஏ.எச். சார்ஜ் 1சி-க்கு மேல் வேண்டாம்: 4000 எம்.ஏ.எச். என்றால் 4 ஆம்பியர். எப்போதும் பேலன்ஸ் கம்பியையும் மாட்டி சார்ஜ் செய்யுங்கள். செல்லுக்கு 3.3 வோல்ட் வந்ததும் ஓட்டத்தை நிறுத்துங்கள். இரண்டு நாளைக்கு மேல் சும்மா கிடக்கும் என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் லைப்போ வைப்பது ஆபத்து. உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு ரவுண்டு என்று ஓட்டாதீர்கள். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

எங்கே ஓட்டுவது

வட்டம் போட மூணு மீட்டருக்கு நாலு மீட்டர் வேண்டும். பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரையும் மொசைக்கும் பைப் டயருக்கு அருமையாக இருக்கும், ஒரே சீராக வழுக்கும். பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் அதைவிட வழுக்கும். அங்கே ஆக்சிலேட்டரின் எண்ட் பாயிண்டை 50 சதவீதத்துக்குக் குறைத்துவிடுங்கள். மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருந்தால் இணைப்புகள் காரைத் துள்ள வைக்கும். சிமென்ட் தளம் என்றால் ஓட்டலாம், டயர் மட்டும் சீக்கிரம் தேயும். கைப்பிடிச் சுவரின் தண்ணீர் போகும் ஓட்டைகளை அடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். மணலி, எண்ணூர் பக்கம் மாடியில் படியும் கறுப்புத் தூசியை முதலில் பெருக்காவிட்டால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் பிடிப்பு மாறும்.

கேரம் பவுடரைத் தூவலாமே என்ற யோசனை இந்த ஏரியாவில் யாருக்கும் வரும். வழுக்கும்தான், ஆனால் பேரிங்கிலும் மோட்டார் பிரஷிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். விட்டுவிடுங்கள். நாலு பேர் சேர்ந்தால் கல்யாண மண்டபத்தைக் கேட்டுப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் ஹால் காலியாகக் கிடக்கும், டைனிங் ஹாலை மட்டும் அரை நாளுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. டயர் கோடு துடைத்தால் போகும் என்று முதலிலேயே செய்து காட்டிவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

நடுவில் ஒரு பெயின்ட் டப்பாவை வையுங்கள். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பி, ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றி, வால் வெளியே வந்ததும் ஸ்டீயரிங்கில் கையை எடுத்துவிடுங்கள், ஜைரோ பிடித்துக்கொள்ளும். இனி வட்டத்தின் அளவு ஆக்சிலேட்டர் கையில். கூட்டினால் வட்டம் விரியும், குறைத்தால் டப்பாவை நெருங்கும். புதியவர்கள் பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுவார்கள். பின்சக்கரம் உடனே தரையைப் பிடித்து, கார் மறுபக்கம் உதறிப் போய்ச் சுவரில் முட்டும். விடாமல் குறைக்கப் பழகுவதுதான் முதல் பாடம். இரண்டு பக்கமும் டப்பாவைத் தொடாமல் வட்டம் வந்த பிறகு இரண்டு டப்பா வைத்து, லைசென்ஸ் எடுக்கும்போது போட்ட மாதிரி எட்டு போடுங்கள்.

கார் தொடங்கியதுமே முழுச் சுற்றுச் சுற்றினால் முதலில் ஜைரோ திசை, பிறகு பின் எடை, பிறகு ஸ்டீயரிங் கோணம் என்ற வரிசையில் பாருங்கள். வால் வெளியே வந்தும் கார் முன்னே நகராமல் நின்றால் பின் டோ இன் கூட்டுங்கள் அல்லது எடையைப் பின்னால் தள்ளுங்கள். நடுவில் பிடிப்பு வந்து டிரிஃப்ட் அறுந்துபோனால் டயரைத் தடவிப் பாருங்கள். ஓரத்தில் தட்டையாகத் தேய்ந்திருக்கும், உப்புத்தாளில் மீண்டும் மழுக்கினால் சரியாகும். எட்டில் ஒரு பக்கம் மாறும்போது மட்டும் தடுமாறினால் சர்வோ ஹார்ன் நடுவில் இல்லை அல்லது இரண்டு பக்க எண்ட் பாயிண்டும் ஒரே கோணம் தரவில்லை.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று தனிச் செலவு வைக்கும். ஓட்டாமல் ஒரு மாதம் வைத்த காரில் பேரிங் கரகரவென்று சத்தம் போடும். ஓட்டி முடித்ததும் தூசியைப் பிரஷால் தட்டி, ஒவ்வொரு பேரிங்கிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில் விட்டு, மூடிய டப்பாவில் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். பேரிங் போய்விட்டால் ஆன்லைனில் செட்டாக வாங்குவதற்கு முன் பாரிமுனைப் பேரிங் கடைகளில் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: 5×11×4 என்றால் எம்.ஆர்.115, 5×10×4 என்றால் எம்.ஆர்.105, 10×15×4 என்றால் 6700, மூன்றிலும் இரண்டு பக்கமும் தகடு மூடிய இசட்.இசட். வகை. கெட்டுப்போனதை மட்டும் ஒன்றிரண்டாக வாங்கிக்கொள்ளலாம்.